தனியாக இருக்கும் அம்மாவுக்கு என்ன பாதுகாப்பு?

கேள்வி:

என் அம்மாவுக்கு 67 வயது. அப்பா காலமான பிறகு நங்கநல்லூரில் எங்கள் பழைய ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார். நான் போரூரில் இருக்கிறேன். அண்ணன் துபாயில். போன மாதம் எதிர்வீட்டு மாமி விடியற்காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, பைக்கில் வந்த இருவர் அவர் கழுத்துச் சங்கிலியை இழுத்தார்கள். மாமி விடாமல் பிடித்துக்கொண்டதில் கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது, சங்கிலியில் பாதியும் போய்விட்டது. ‘யார் ஸ்டேஷனுக்கு அலைவது’ என்று அவர் புகாரே கொடுக்கவில்லை.

அது நடந்த இரண்டு வாரத்தில் அம்மாவுக்கு ஒரு வீடியோ கால். மும்பை போலீஸ் என்று சொன்னார்களாம். அம்மா பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, யாரிடமும் சொல்லாதே, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார் என்று இரண்டு மணி நேரம் மிரட்டியிருக்கிறார்கள். டெபாசிட்டை உடைக்கக் கிளம்பும் நேரத்தில் வீட்டு வேலைக்கு வரும் அக்கா வந்து, போனை வாங்கி கட் பண்ணியதால் பணம் தப்பியது. அண்ணன் போனிலேயே அம்மாவைத் திட்டித் தீர்த்துவிட்டான். இனி வெளியே போகக் கூடாது, உள்ளேயும் கிரில் போட்டுப் பூட்ட வேண்டும், கேமரா வைக்க வேண்டும், வேலைக்காரர்களை நிறுத்த வேண்டும் என்கிறான். அம்மாவோ ‘இது வீடா, ஜெயிலா?’ என்கிறார். குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் தினமும் பிள்ளை பிடிப்பவர்கள் படம் வருகிறது, பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, போரூர்.

ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளரும், குடியிருப்போர் நலச்சங்கங்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பவருமான ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பூட்டுக்கும் கேமராவுக்கும் பிறகு வருகிறேன். முதலில் அண்ணனிடம் சொல்லி அம்மாவுக்குப் போன் செய்ய வையுங்கள். ‘திட்டியது தப்பும்மா’ என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். இது வெறும் மரியாதைக்காக இல்லை. திட்டு வாங்கியவர் அடுத்த முறை அழைப்பு வந்தால் உங்களிடம் சொல்ல மாட்டார். பணம் போன பிறகுகூடச் சொல்லத் தயங்குவார். டாக்டர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், வங்கியில் வேலை பார்த்தவர்கள் என்று படித்தவர்களே இந்த வலையில் விழுந்திருக்கிறார்கள். சட்டத்துக்குப் பயந்து நேர்மையாக வாழ்ந்தவர்களைத்தான் போலீஸ் பெயர் அதிகம் நடுங்க வைக்கும். அம்மா நடுங்கியதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

இப்போது இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பைக்கில் வந்தவன் தெருவில் வேறு ஆளே இல்லாத ஒரு நிமிடத்துக்காகக் காத்திருந்தான். போனில் வந்தவன் அந்த நிமிடத்தைத் தானே உண்டாக்கினான்: கதவைச் சாத்து, யாரிடமும் பேசாதே, லைனைத் துண்டிக்காதே. இருவருக்கும் தேவைப்பட்டது உங்கள் அம்மா மாதிரி ஒருவர் தனியாக அகப்படுவது. வேலைக்கு வரும் அக்கா உள்ளே நுழைந்ததும் இரண்டு மணி நேர மிரட்டல் ஒரு நொடியில் முடிந்துபோனது. அவர் சட்டம் படித்தவர் இல்லை. இரண்டாவது மனிதராக அங்கே வந்து நின்றார், அவ்வளவுதான் செய்தார்.

அதனால்தான் உங்கள் அண்ணன் சொல்லும் திட்டம் எனக்குக் கவலையாக இருக்கிறது. வெளியே போகாதே, வேலைக்கு ஆள் வேண்டாம், கிரில்லைப் பூட்டிக்கொள் என்றால் சங்கிலி பத்திரமாக இருக்கலாம். ஆனால் அந்த வீடியோ கால்காரன் கேட்டதும் இதையேதான். அம்மா எத்தனை பேர் கண்ணில் படுகிறார், ஒரு நாளில் எத்தனை பேரோடு பேசுகிறார் என்பதைக் கூட்டுகிற எந்த ஏற்பாடும் நல்ல ஏற்பாடு. அதைக் குறைக்கிற ஏற்பாடு எவ்வளவு செலவு செய்து செய்தாலும் ஆபத்து. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

போன் விஷயம் முதலில், ஏனென்றால் அவர்கள் மறுபடியும் முயற்சி செய்வார்கள். ஒருமுறை பேச்சுக் கொடுத்தவரின் எண்ணை எளிதில் விட மாட்டார்கள். அம்மாவுக்கு நடந்தது மாதிரி, வீடியோ காலிலேயே கைது என்று மிரட்டி உட்கார வைப்பதைத்தான் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்கிறார்கள். அப்படி ஒன்று இந்தியச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதை எடுத்துச் சொன்னார். எந்த ஊர் போலீசும், சி.பி.ஐ.யும், கஸ்டம்ஸும் வீடியோ காலில் யாரையும் கைது செய்வதில்லை. சரிபார்ப்பதற்காகப் பணத்தை வேறு கணக்குக்கு அனுப்பச் சொல்வதும் இல்லை. அம்மாவுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள், இதை நான் எல்லாக் கூட்டங்களிலும் அழுத்திச் சொல்வேன்: ஒருவரைக் கைது செய்தால் அதை அவருடைய உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டியது போலீசின் சட்டக் கடமை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 48-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. பெண்களை, விதிவிலக்கான சூழ்நிலை தவிர, சூரியன் மறைந்த பிறகு விடியும்வரை கைது செய்யக் கூடாது என்பதும் சட்டம். உண்மையான போலீஸ் உங்களுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். ‘பிள்ளைகளிடம்கூடச் சொல்லாதே’ என்று ஒருவன் சொன்னால், அவன் திருடன் என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு வாக்கியமே போதும். காக்கிச் சட்டை, பின்னால் தெரியும் ஸ்டேஷன், முத்திரை குத்திய கடிதம் எல்லாவற்றையும் போலியாகத் தயாரிக்க முடியும்.

இந்த மாதிரி நேரத்தில் வாதம் செய்யத் தேவையில்லை, போனை வைத்தால் போதும் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள். மரியாதைக்குறைவாக இருக்குமே என்று தயங்குவார், அந்தத் தலைமுறைக்கு அந்தத் தயக்கம் உண்டு. அதனால் ஒரு வாக்கியத்தைப் பழக்கிவிடுங்கள்: ‘என் பெண்ணிடம் பேசிவிட்டுத்தான் எதுவும் சொல்வேன்.’ சொல்லிவிட்டு உடனே துண்டித்து உங்களைக் கூப்பிட வேண்டும். நீங்கள் மீட்டிங்கில் இருந்தால்? அப்போது கூப்பிட இரண்டாவதாக ஒரு பெயர் வேண்டும். அது துபாயில் இருப்பவராக இல்லாமல், பக்கத்து ஃபிளாட்டில் இருப்பவராக இருந்தால் நல்லது. போனின் முதல் பக்கத்திலேயே அந்த இரண்டு எண்களையும் படத்தோடு வைத்துக் கொடுங்கள். பேரன் குரலில் அழுதுகொண்டே ‘ஆக்சிடென்ட், பணம் அனுப்பு பாட்டி’ என்று அழைப்பு வரலாம். இப்போது குரலைக்கூட நகல் எடுக்கிறார்கள். உங்கள் குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை முடிவு செய்துகொள்ளுங்கள். பழைய வீட்டுப் பூனையின் பெயர் மாதிரி ஏதாவது.

வங்கிக்கும் ஒருமுறை அம்மாவோடு போய் வாருங்கள். மாதச் செலவுக்கான கணக்கு ஒன்று, டெபாசிட் இருக்கும் கணக்கு வேறு என்று பிரித்துவிடலாம். போனில் இருக்கும் பணம் அனுப்பும் செயலி செலவுக் கணக்கோடு மட்டும் இணைந்திருக்கட்டும். ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய தொகையின் வரம்பையும் குறைத்து வைக்கலாம். மேனேஜருக்கு அம்மாவின் முகம் தெரிந்திருந்தால், அவசரமாக டெபாசிட்டை உடைக்கக் கேட்டு வரும்போது அவர் இரண்டு வார்த்தை விசாரிப்பார். அங்கேயும் இரண்டாவது மனிதர்தான் காப்பாற்றுகிறார்.

ஒருவேளை பணம் போய்விட்டால் உடனே கூப்பிட வேண்டியது சைபர் குற்ற உதவி எண் 1930. அதை ஃபிரிட்ஜ் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். திருடர்கள் பணத்தைச் சில நிமிடங்களிலேயே ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். அது எங்கேயாவது ஒரு கணக்கில் நின்றிருக்கும்போதே வங்கிகள் பணத்தை முடக்கினால்தான் மீட்க வழி உண்டு. காலையில் போனது, பிள்ளைகள் வந்ததும் சாயங்காலம் சொல்லலாம் என்று காத்திருந்தால் கை நழுவிவிடும். பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் இந்த மூன்றும் கையில் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். அம்மாவுக்கு வந்த அழைப்பில் பணம் போகவில்லை என்றாலும், அந்த எண்ணை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் பதிவு செய்யுங்கள்.

சரி, தெருவுக்கு வருவோம். 2025 மார்ச் 25-ஆம் தேதி காலையில் தென்சென்னையில் அடையாறு, திருவான்மியூர், கிண்டி என்று அடுத்தடுத்துப் பல இடங்களில், ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் சங்கிலி பறித்துக்கொண்டு போனார்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்து, பறித்த கையோடு விமானம் ஏறித் தப்பப் பார்த்தவர்களை விமான நிலையத்திலேயே பிடித்தார்கள். வேகம்தான் இவர்கள் முதலீடு. யாரிடம் நகை இருக்கிறது என்பதோடு, யார் தனியாக, குனிந்து, சாலைக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள் என்றும் பார்ப்பார்கள். கோலம் போடும்போது இது அத்தனையும் ஒருசேர அமைந்துவிடுகிறது.

அதற்காகக் கோலத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். உங்கள் தெருவில் கோலம் போடுகிற பெண்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில், பால்காரரும் பேப்பர் போடும் பையனும் நடமாடுகிற நேரத்தில், வாசலுக்கு வரலாமே. தெருவைப் பார்த்து உட்கார்ந்து போடலாம். கழுத்தில் இருப்பதைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு வரலாம், அல்லது ரவிக்கையோடு ஊக்கு குத்தி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு சங்கிலியைப் பெட்டியில் வைக்கிறார்கள், அது நல்ல வழக்கம். நடந்து போகும்போது சாலையின் வலது ஓரமாகப் போனால் வண்டிகள் எதிரில் வரும், கண்ணுக்குத் தெரியும். கைப்பை சுவர்ப் பக்கத் தோளில். பின்னால் ஒரு பைக் வேகத்தைக் குறைக்கும் சத்தம் கேட்டால் நின்று திரும்பி, அவன் முகத்தை நன்றாகப் பாருங்கள். பார்க்கப்படுவது அவர்களுக்குப் பிடிக்காது.

அட்ரஸ் கேட்டு நிறுத்துகிறவனிடம் இரண்டு கை தூரம் தள்ளி நின்று பதில் சொன்னால் போதும். இன்னொரு பழைய தந்திரமும் இருக்கிறது. சாதாரண உடையில் ஒருவன் வந்து, ‘நான் போலீஸ், முன்னால் தெருவில் திருட்டு நடக்கிறது, நகையைக் கழற்றிப் பையில் போடுங்கள் பாட்டி’ என்று அக்கறையாகப் பேசுவான். பொட்டலம் கட்டித் தருவான், வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே கல் இருக்கும். உண்மையான போலீஸ் யாரும் தெருவில் நகையைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள்.

எதிர்வீட்டு மாமி செய்ததில் ஒன்றை மட்டும் உங்கள் அம்மா செய்யக் கூடாது. இழுத்துவிட்டால் விட்டுவிட வேண்டும். ஓடுகிற வண்டியோடு போராடினால் சாலையில் இழுபட்டுத் தலை அடிபடும். அந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் ஆறு மாதம் படுக்கை, சிலர் எழுந்திருப்பதே இல்லை. நகை எத்தனை சவரனாக இருந்தாலும் அதற்கு ஈடாகாது. விட்டுவிட்டுக் கத்த வேண்டும். ‘திருடன்’ என்று வாய்விட்டுக் கத்துவதை வீட்டுக்குள் ஒருமுறை பழகிப் பார்க்கச் சொல்லுங்கள். சும்மா சொல்லவில்லை, பயத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும். பழகியவர்களுக்குத்தான் குரல் வரும். பிறகு அவசர உதவி எண் 112. வண்டி எண் முழுவதும் தெரியாவிட்டாலும் கடைசி இரண்டு எண், ஹெல்மெட் நிறம், எந்தப் பக்கம் திரும்பினான் என்பது போதும். அந்தத் தகவல் ஐந்து நிமிடத்துக்குள் வந்தால் அடுத்த சிக்னலில் நிற்கும் காவலருக்குப் பயன்படும்.

கிரில் கதவு வைப்பதில் தவறில்லை. ஆனால் உள்ளே பூட்டிச் சாவியை எங்கேயோ வைத்துவிட்டுத் தூங்குவது மிகவும் ஆபத்து. ஏ.சி.யோ ஃபிரிட்ஜோ ஷார்ட் ஆகிப் புகை வந்தால், இருட்டில் தேடிச் சாவி எடுத்துத் திறக்க நேரம் இருக்காது. கைக்கெட்டும் ஆணியில் சாவி எப்போதும் தொங்க வேண்டும், ஜன்னல் வழியாக எட்டாத இடத்தில். இன்னொரு சாவி நம்பிக்கையான பக்கத்து வீட்டில் இருக்கட்டும். தனியாக இருக்கும் முதியவர்களுக்குத் திருடனைவிடக் குளியலறையில் வழுக்கி விழுவது அதிகம் நடக்கிற விஷயம். குளியலறைக் கதவை உள்தாழ்ப்பாள் போடாமல் சாத்தினால் போதும் என்று சொல்லுங்கள். காலை எட்டு மணிவரை வாசலில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் இருந்தால் பக்கத்து வீட்டார் பெல் அடிப்பது, கதவு திறக்கவில்லை என்றால் சாவி போட்டுத் திறப்பது என்று ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பைசா செலவில்லை.

கேமரா வையுங்கள். சென்னைக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்று தெருத்தெருவாக மக்களைக் கேமரா வைக்கச் சொன்னது வீண் போகவில்லை, எத்தனையோ வழக்குகளில் அதுதான் துப்புக் கொடுத்திருக்கிறது. நான் பார்க்கும் குடியிருப்புகளில் பாதி கேமராக்கள் சொந்த கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கும், அல்லது உயரத்திலிருந்து ஹெல்மெட்டின் உச்சியை மட்டும் படம் பிடிக்கும். ஒன்றாவது தெருவைப் பார்த்து, வண்டி எண் படிக்கிற கோணத்தில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை பழைய பதிவை ஓட்டிப் பாருங்கள். நேரம் சரியாகக் காட்டுகிறதா, ராத்திரியில் தெளிவாக இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். பதிவு சில நாட்களில் அழிந்து அதன்மேல் புதிது ஏறிவிடும் என்பதால், சம்பவம் நடந்த அன்றே நகல் எடுத்து வையுங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சியின் 1913-க்குச் சொல்லுங்கள். எரியாத விளக்குக் கம்பத்தடியில் கேமராவும் குருடுதான்.

வாட்ஸாப் குழுவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்லப்போகிறேன். 2018 மே மாதம், சென்னையிலிருந்து குலதெய்வம் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் கும்பலாகச் சேர்ந்து அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார் என்பதைத் தவிர அவர் எதுவும் செய்யவில்லை. பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி அப்போது போன்களில் சுற்றிக்கொண்டிருந்தது. உங்கள் அம்மா வயதில் ஒருவர். அந்தக் குழுவில் படத்தை அனுப்புகிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லோரும் அக்கறையில்தான் அனுப்புகிறார்கள். அன்றைக்கும் அப்படித்தான் அனுப்பினார்கள். நம் தெருவில், நம்மில் ஒருவர், தன் கண்ணால் பார்த்ததை மட்டும், நேரத்தோடு எழுதுவது என்று குழுவில் முடிவு செய்யுங்கள். சந்தேகமாக யாராவது நின்றால் அவரைச் சூழ்ந்துகொள்ள வேண்டாம், படம் எடுத்துப் பரப்ப வேண்டாம், 112-க்கோ ஸ்டேஷனுக்கோ சொல்லுங்கள். வடநாட்டுக்காரர், கட்டட வேலைக்காரர் என்பது சந்தேகத்துக்குக் காரணமே ஆகாது.

வேலைக்கு வரும் அக்காவை நிறுத்தக் கூடாது என்று அண்ணனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். உங்கள் எண் அவரிடம் இருக்க வேண்டும், அவர் எண் உங்களிடம் இருக்க வேண்டும். தெருமுனை இஸ்திரிக் கடைக்காரர், பூக்காரம்மா, ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பவர்கள் எல்லோருமே நாள் முழுக்கத் தெருவில் இருப்பவர்கள். புது முகத்தை முதலில் கவனிப்பது அவர்கள்தான். சனிக்கிழமை ஆஞ்சநேயர் கோயிலுக்கு அம்மா போகிறார் என்றால் போகட்டும், வழியில் நாலு பேரிடம் நின்று பேசிவிட்டே வரட்டும். கூட ஒரு தோழி வந்தால் இன்னும் நல்லது.

சங்கத்தின் சார்பில் இரண்டு பேர் உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போய் வாருங்கள். ரோந்துக் காவலரின் எண்ணை வாங்குங்கள். தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியலைக் கொடுங்கள். அம்மா உங்களோடு தங்க வரும் நாட்களில் வீடு பூட்டியிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லிவைத்தால், ரோந்து போகும்போது பார்ப்பார்கள்.

அந்த நடையிலேயே மாமியின் புகாரையும் கொடுத்துவிடுங்கள். நாளாகிவிட்டதே என்று விட வேண்டாம். அதே ஆட்கள் பக்கத்து ஏரியாவிலும் பறித்திருப்பார்கள். ஒரு புகார் பதிவாகாமல் போனால் அந்தத் தெரு பாதுகாப்பானது என்றுதான் காவல் நிலையக் கணக்கு சொல்லும், ரோந்தும் அதற்கேற்பத்தான் அமையும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு என்பது 304-ஆவது பிரிவில் தனிக் குற்றம், மூன்றாண்டு வரை சிறை உண்டு. மாமிக்கு எலும்பு முறிந்திருப்பதால் இது வழிப்பறியாகவும் கருதப்படலாம், அப்போது தண்டனை இன்னும் கூடும். அதனால் காயத்தைப் பற்றி மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். புகார் வந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாமல், எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லிக் கேளுங்கள். அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் அந்தப் புகாரையே துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதன் பிறகு சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு அலைய வேண்டுமே என்று மாமி பயப்பட வேண்டாம். பெண்களை அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நகை வாங்கிய பில், அந்தச் சங்கிலி போட்டிருக்கும் ஏதாவது ஒரு கல்யாண போட்டோ, மிச்சமிருக்கும் பாதிச் சங்கிலி, மருத்துவமனையில் காயத்தைப் பதிவு செய்த ஏ.ஆர். காப்பி, இவற்றை எடுத்துக்கொண்டு உங்கள் அம்மாவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.